வாயில் ஆணியோடு கேட்ட நாவல்கள்

குஷன்காரருக்குப் பேச வராது என்று அந்தத் தெருவில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அபாண்டம். வாய் காலியாக இருந்தால்தானே ஒரு மனுஷன் பேசுவதற்கு? அவர் சோபாவுக்கும் நாற்காலிக்கும் பஞ்சு வைத்துத் துணி போர்த்துகிறவர். பள்ளிக்கூடம் பிடிக்காமல் மாமாவின் பட்டறைக்கு ஓடிவந்த வயதிலேயே, குட்டி ஆணிகளை ஒரு பிடி வாயில் அள்ளிப் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டவர். நாக்கால் ஆணியைத் தலைப்பக்கம் திருப்பி உதட்டுக்குத் தள்ள வேண்டும். காந்தம் வைத்த சுத்தியல் அதைக் கவ்விக்கொள்ளும். ஒரு கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும், இன்னொரு கையில் சுத்தியல். ஆணியை எடுத்துத் தர மூன்றாவது கைக்கு எங்கே போவது? அந்தக் காலத்தில் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் வாய்தான் ஆணி டப்பா.

சாப்பாட்டு நேரத்தில் ஆணியைத் துப்பிவிட்டுப் பேசலாமே என்று கேட்கலாம். துப்புவார். அதற்குள் சொல்ல வந்தது மறந்துபோயிருக்கும். "டீ" என்பார், "கத்திரி எங்கே" என்பார். ஒரு ஆயுள் முழுக்க இப்படியே ஓட்டிவிட்டார்.

அவருக்கு வாய்த்த மனைவி நாவல் பைத்தியம். பட்டறையும் வீடும் ஒன்றுதான். முன்னறையில் சோபாக்கள், பின்னறையில் இவர்கள். மத்தியானம் அவர் ஸ்பாஞ்சு அடுக்கின் மேல் கட்டையைச் சாய்க்கும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பாள். சாயங்காலம் அவர் ஆணி அடிக்க, அவள் எதிரே முக்காலியில் உட்கார்ந்து மெத்தைப் பட்டன்களுக்குத் துணி போர்த்திக்கொண்டே, மத்தியானம் படித்ததைச் சொல்வாள். நாவலை அப்படியே கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிற சாமர்த்தியம் அவளுக்கு இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை.

"உம் கொட்டணும். உம் வரலைன்னா கதை அங்கயே நிக்கும், சொல்லிட்டேன்."

வாய் நிறைய ஆணியோடு வேறு என்னதான் சொல்ல முடியும்? அவர் உம் கொட்டினார். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, மகள் பிறந்து வளர்ந்து கட்டிக்கொடுத்து வேறு ஊருக்குப் போன பிறகும் நடந்தது. எத்தனை நாவல் கேட்டிருப்பார் என்று அவருக்கே கணக்கு கிடையாது. ஒன்றின் பேரும் தெரியாது, எழுதியது ஆணா பெண்ணா என்றும் தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டர் கதை, கப்பல் கிளார்க் கதை, இரண்டு ஓரகத்திகள் கதை என்று அவராக வைத்த பெயர்கள்தான்.

ஒரு மழைக்காலத்துக் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். மகள் வந்தாள், இருந்தாள், போனாள். அதன் பிறகுதான் குஷன்காரருக்கு வீட்டின் சத்தம் என்னவென்று தெரிந்தது. சத்தமே இல்லை. வேலையை நிறுத்தினால், அவர் மூச்சு விடுவது அவருக்கே கேட்டது. யாராவது சோபாவைக் கொடுக்க வந்தால், வேண்டுமென்றே துணி மாதிரிகளை ஒன்றொன்றாகப் பிரித்துக் காட்டி நேரத்தை இழுத்தார். வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். மனுஷர் தனிமையில் வெந்துகொண்டிருந்தார். அதை யாரிடமாவது சொல்லலாம் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அவர் மனைவிக்கு ஒரு வாசகர் வட்டம் இருந்தது. பெரிய பெயர், சின்ன கூட்டம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் கூடுவார்கள். முறை வைத்து ஆளுக்கொரு தடவை, பிடித்த நாவல் ஒன்றை மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்ய வேண்டும். குஷன்காரர் ஸ்கூட்டரில் மனைவியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிர்க்கடை நிழலில் நின்று காத்திருப்பார். ஒருநாளும் உள்ளே போனதில்லை. அவள் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திடீரென்று நினைவு வந்தது, இந்த மாதம் அவள் முறை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கிளினிக்கில் கிராம்புத் தைல வாசனை. சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு கடைவாய்ப் பல்லின் படம். அதற்குக் கீழே டாக்டரம்மா, ரிட்டையரான கணக்கு வாத்தியார், பேங்க்காரர் ஒருவர், இன்னும் சிலர்.

"இன்னிக்கு அவ முறை," என்றார் குஷன்காரர். "அவளுக்குப் பதிலா நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"உக்காருங்கண்ணே," என்று டாக்டரம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். "நீங்க போட்ட குஷன்தான் எல்லாம்."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "இங்க ஒரு வழக்கம் இருக்கு. கதையைப் பத்திப் பேசலாம், ஏன் பிடிச்சுதுன்னு சொல்லலாம். முடிவை மட்டும் சொல்லக் கூடாது. மத்தவங்க படிக்கணும் பாருங்க."

"முடிவைச் சொல்லலைன்னா அப்புறம் அதுல சொல்ல என்ன இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பில்லை, ஆளைச் சேர்த்துக்கொண்ட சிரிப்பு. குஷன்காரருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. தான் சொன்னதைக் கேட்டு ஒரு அறை நிறைய மனிதர்கள் சிரித்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வெளுத்து வாங்கிவிட்டார் மனுஷர். ஸ்டேஷன் மாஸ்டர் கதை. எங்கோ ஒரு சின்ன ஸ்டேஷன், அதில் ஒரே ஒரு ரயில்தான் நிற்கும். ஸ்டேஷன் மாஸ்டருக்கு வேலையே உலகம். அவர் மனைவிக்கு அந்த வீடும் அந்தத் தண்டவாளமும்தான். ஒருநாள் அவள் பேசுவதை நிறுத்திவிடுகிறாள். அவர் அதைக் கவனிக்கவே பல நாள் ஆகிறது. அவர்கள் வீட்டில் ஒரு செவலை நாய். அது மட்டும் அவளோடு திரியும். குஷன்காரர் தன் மனைவியின் குரலில், அவள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அவள் கையை ஆட்டுகிற மாதிரி ஆட்டிச் சொன்னார்.

"ஒரு நாள் சாயங்காலம் அந்த ஆள் தொப்பியைக் கழட்டி வச்சுட்டு, அவளுக்கு எதிர்ல தரையில வந்து உக்கார்றாரு. 'இத்தனை வருஷமா உனக்கு என்ன வேணும்னு நான் கேட்டதே இல்லையே, இப்ப கேக்கறேன், சொல்லு'ங்கறாரு. அவ என்ன கேட்டா தெரியுமா? இந்த ரயில் போற கடைசி ஊர் வரைக்கும் உங்ககூட உக்காந்து போயிட்டுத் திரும்பி வரணும், அங்க எனக்கு ஒரு வேலையும் இருக்கக் கூடாதுன்னா. போறாங்க. அந்த ரயில் பயணம் இருக்கு பாருங்க... அதுக்காகவே எல்லாரும் அந்த நாவலைப் படிக்கணும்."

கைதட்டல் வரும் என்று நினைத்தார். வரவில்லை. வாத்தியாரும் பேங்க்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணே," என்றாள் டாக்டரம்மா மெதுவாக. "நான் அதை ரெண்டு தடவை படிச்சிருக்கேன். அவர் கேக்கவே மாட்டாரே. கடைசி வரைக்கும் கேக்க மாட்டார். அதுதானே அந்த நாவலே."

"நீங்க சரியாப் படிச்சிருக்க மாட்டீங்க."

"நாய்கூடக் கிடையாது," என்றார் பேங்க்காரர். "வேற ஏதாவது கதையோட கலந்துட்டீங்களோ என்னவோ."

குஷன்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் வீட்டுக்காரி இல்லாததை இருக்குன்னு சொல்ற ஆளில்லை," என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைத் தொடாமல் வெளியே வந்துவிட்டார். பாதி வழியில்தான் தெரிந்தது, ஸ்கூட்டரைக் கிளினிக் வாசலிலேயே விட்டுவிட்டு நடந்துகொண்டிருக்கிறோம் என்று.

பின்னறையில் அவள் புத்தகங்கள் சுவரோடு சுவராக அடுக்கியபடியே இருந்தன. அட்டையில் தண்டவாளம் இருந்ததை உருவினார். அவர் படிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசியாக முழுசாகப் படித்தது ரெக்சின் கம்பெனிக்காரர்கள் கொடுத்த காலண்டர். வரிக்குக் கீழே விரலை வைத்து, எழுத்துக் கூட்டாத குறையாக, வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் படித்தார். சோபா கொடுத்தவர்கள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். நாய் வரவில்லை. சரி, நாய் போகட்டும். அந்தச் சாயங்காலம் வரவேண்டிய இடமும் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார், ஆணியில் மாட்டினார், சாப்பிட்டார், தூங்கிப்போனார். பக்கம் ஏதாவது கழன்றுவிட்டதா என்று புத்தகத்தை விரித்துத் தையலைத் தடவிப் பார்த்தார். தையல் கெட்டியாக இருந்தது. கடைசியில் மாற்றல் உத்தரவு வருகிறது. அவள் பெண்கள் பெட்டியில் ஏறுகிறாள், அவர் ரயில் கார்டின் பெட்டியில் ஏறுகிறார். முடிந்தது.

இன்னொன்றும் அவரை ஆட்டிவைத்தது. புத்தகம் சிரிப்பாக இருந்தது. ஸ்டேஷனில் ஒரு போர்ட்டர் வருகிறான், அவன் அடிக்கிற கூத்தில் குஷன்காரர் தனியாக உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்தப் போர்ட்டரை அவள் சொல்லவே இல்லையே! நாவல் எழுதுகிறவர்களுக்குச் சிரிக்கவே தெரியாது போல என்று அவரே அவளிடம் குறைப்பட்டிருக்கிறார். யோசித்தபோதுதான் பிடிபட்டது. கல்யாணமான புதிதில் அவள் சொன்ன ஒரு கதைக்கு வாய்விட்டுச் சிரிக்கப் போய் ஓர் ஆணியை விழுங்கிவிட்டார். ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே என்று அமர்க்களப்பட்டது. அதற்குப் பிறகு அவள் எந்த நாவலிலும் சிரிப்பைச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை காட்டிக்கொள்ளாமல், சிரிப்பு வருகிற இடத்தையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தாண்டியிருக்கிறாள்.

மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மா உனக்குக் கதை சொல்லுவாளே, மாத்திச் சொல்லுவாளா?"

"என்கிட்ட எப்படிப்பா மாத்த முடியும்? நான் படிச்சுட்டு வந்து சண்டைக்கு நிப்பேனே. புஸ்தகத்துல இருக்கற மாதிரியேதான் சொல்லுவா." கொஞ்சம் நிறுத்தி, "ஏம்பா, சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு," என்று பொய் சொல்லிவிட்டு வைத்தார்.

ஆக, அவருக்கு மட்டும்தான். அதன் பிறகு அவர் பாதி நாள் வேலை பார்த்தார், பாதி நாள் படித்தார். கப்பல் கிளார்க் கதையை எடுத்தார். ஓரகத்திகள் கதையை எடுத்தார். செவலை நாய் ஒன்றில்கூட இல்லை. அவருக்கு நாய் என்றால் உயிர். பஞ்சையும் ஸ்பாஞ்சையும் கடித்துக் குதறிவிடும் என்பதால் கடைசிவரை வளர்க்க முடியாமல் போயிற்று. அதற்காக ஊரார் எழுதிய நாவலிலெல்லாம் ஒரு நாயைக் கட்டிவைத்திருக்கிறாள் அவள். இது வரைக்கும் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்ததுதான் ஆளை அடித்துப்போட்டது.

கப்பல் கிளார்க் அவள் சொன்னபடி துறைமுகத்திலிருந்து திரும்பி வந்து, "நான் இல்லாதப்ப நீ எப்படி இருந்தே?" என்று மனைவியைக் கேட்டிருந்தான். புத்தகத்தில் கேட்கவில்லை. ஓரகத்திகளில் இளையவளின் புருஷன், அவள் சொன்னபடி, அடுப்படியில் வந்து நின்று, "நீ என்ன நினைச்சுக்கிட்டிருக்கே?" என்று கேட்டிருந்தான். புத்தகத்தில் அவன் அடுப்படிப் பக்கமே வரவில்லை. எடுத்த புத்தகத்திலெல்லாம் இதே கதைதான். மற்றதெல்லாம் இருந்தது இருந்தபடி. ஓர் இடத்தில் மட்டும், ஓர் ஆம்பிளை வேலையை நிறுத்திவிட்டு ஒரு பொம்பளையிடம் ஒரு கேள்வி கேட்டான். அந்தக் கேள்வியை எழுதினவர்கள் எழுதவில்லை. அவள் வைத்தாள்.

அந்த இடம் வரும்போது அவள் என்ன செய்வாள் என்று குஷன்காரருக்கு இப்போது ஞாபகம் வந்தது. கையிலிருந்த பட்டனை மடியில் வைப்பாள். கதையை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பாள். உம் கொட்டுவதற்காகத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக, பலமாக உம் கொட்டுவார். அவள் திரும்பப் பட்டனை எடுத்துக்கொள்வாள்.

இத்தனை வருஷம் அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். இவர் கதை கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். குஷன்காரருக்கு அழுகை வந்தது, பாதியில் நின்ற ஒரு சோபாவின் வெறும் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்து அழுதார். அவமானமாக இருந்தது. அதைவிட, அவளிடம் இப்போது கேட்க முடியாதே என்பது பெரிய துக்கமாக இருந்தது.

அடுக்கில் கடைசியாக மிஞ்சியது ஒரு தடிப் புத்தகம். பாலம் கட்டுகிற ஓவர்சியர் கதை. அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். அதை மட்டும் குஷன்காரர் வேண்டுமென்றே தள்ளிப்போட்டிருந்தார். ஏனென்றால் அந்தக் கதை அவருக்குத் தெரியாது.

அவள் அதைச் சொல்லிவந்த சமயத்தில் சினிமாக் கொட்டகைக்காரர்கள் எல்லா இருக்கைகளையும் மாற்றச் சொல்லி அவசர வேலை கொடுத்திருந்தார்கள். காந்தச் சுத்தியலை வைத்துக்கொண்டு அந்த வேலையை முடிக்க முடியாது என்று, காற்றழுத்தத்தில் ஸ்டேப்ளர் ஊசி அடிக்கிற துப்பாக்கி மிஷின் ஒன்று வாங்கிப் போட்டார். அது வந்ததும் வாய் காலியாகிவிட்டது. பேசலாம், கேட்கலாம், எதுவும் செய்யலாம். ஆனால் அதற்குக் காற்றடைக்கிற கம்ப்ரஸர் மூலையில் உறுமிக்கொண்டே இருக்கும், துப்பாக்கி டப் டப்பென்று வெடித்துக்கொண்டே இருக்கும். எதிரே அவள் உதடு அசைவது மட்டும் தெரியும். நடுவில் பாலம் என்று ஒரு வார்த்தை, கொழுந்தன் என்று ஒரு வார்த்தை காதில் விழும். அவர் பழக்கதோஷத்தில் உம் கொட்டிக்கொண்டிருந்தார்.

ஓவர்சியர் கதையை வரி விடாமல் படித்தார், முடித்துவிட்டு மறுபடியும் படித்தார். நல்ல நாவல். ஆனால் அதில் எந்த இடத்தில் அவள் அந்த ஆளை நிறுத்திக் கேட்க வைத்தாள், என்ன கேட்க வைத்தாள், அதற்கு அந்தப் பெண் என்ன பதில் சொன்னாள், ஒன்றும் தெரியவில்லை. அவள் கடைசியாக அவரிடம் சொன்னது அந்தப் புத்தகத்துக்குள் எங்கேயோ இருந்தது. தெரிந்துகொள்ள அவரிடம் வழி இல்லை.

சில மாதங்கள் கழித்து, வட்டம் கூடுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்குப் போனார். முதலில் டாக்டரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஆணியை, நாயை, கேள்வியை, மிஷினை. அப்படி ஒரேயடியாக அவர் பேசியதே இல்லை.

"இந்த மாசம் இதைப் படிங்க," என்று ஓவர்சியர் கதையை மேஜைமேல் வைத்தார். "நல்லா இருக்குங்கறதுக்காக மட்டும் சொல்லலை. நீங்கள்லாம் படிக்கறவங்க. எனக்கு இதெல்லாம் புதுசு. எந்த இடத்துல அவ மாத்தியிருப்பான்னு பாத்துச் சொல்லுங்க."

இப்படி ஒரு சிபாரிசு அந்த வட்டத்துக்குப் புதிது. மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கி எல்லோரையும் அளவெடுக்கிற வாத்தியார்கூடப் புத்தகத்தின் பேரைக் குறித்துக்கொண்டார்.

அந்த மாதம் முழுக்கக் குஷன்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் முதல் ஆளாகப் போய்க் கிளினிக் திறக்கக் காத்திருந்தார்.

வாத்தியார் ஆரம்பித்தார். பாலத்தில் முதல் வண்டி ஓடுகிற இடத்தில்தான் என்று அவர் அடித்துச் சொன்னார். ஓவர்சியர் அங்கே மனைவியைக் கூப்பிட்டு, பாலம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பான். பேங்க்காரருக்கு அது பிடிக்கவில்லை. மனைவி ஜுரத்தில் கிடக்கிற ராத்திரிதான், அங்கேதான் மனுஷன் கொஞ்சம் இளகியிருப்பான் என்றார். ஆளாளுக்கு ஓர் இடம் சொன்னார்கள். குஷன்காரர் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி, அவள் குரலில் அதைச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் அவள் சொல்லியிருக்கக் கூடியதுதான். எதுவும் அவள் சொன்னதாகத் தெரியவில்லை.

குஷன்காரர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

"வேண்டாம்ணே."

"பரவால்ல, சொல்லுங்க. நீங்க அவ இடத்துல இருந்திருந்தா எதை மாத்தியிருப்பீங்க?"

"நான் ஒண்ணையும் மாத்தியிருக்க மாட்டேன்," என்றாள். "மிஷின் சத்தத்துல உங்களுக்குக் காதுல விழலைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமில்ல? உம் தப்பான இடத்துல வந்தா சொல்றவங்களுக்குத் தெரியாதா? அப்புறம் யாருக்காக மாத்தணும்? சொல்லிக்கிட்டே இருந்திருப்பேனான்னுகூடத் தெரியலை."

குஷன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மனசு அந்தப் பழைய சாயங்காலங்களுக்குள் ஓடித் தேடிக்கொண்டிருந்தது. மிஷின் வந்த புதிதில் அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள், அது நிச்சயம். உதடு அசைந்தது, அதுவும் நிச்சயம். அப்புறம் ஒரு நாள் அவர் துப்பாக்கியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது முக்காலியில் பட்டன்கள் மட்டும் குவிந்திருந்தன, அவள் உள்ளே இருந்தாள். அது முதல் நாளா, பத்தாவது நாளா? அதற்கு முன்னால் எத்தனை சாயங்காலம் அவர் காலி முக்காலியைப் பார்த்து உம் கொட்டியிருப்பார்?

"அவ எப்ப கதையை நிறுத்தினான்னு எனக்குத் தெரியாதும்மா," என்றார். "நான் கவனிக்கலை."